எந்தக் கம்பெனி வாய் திறக்காது

மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "எதையும் மறைக்காதீங்க" என்பதுதான். சர்க்கரை, பிரஷர், எப்போதோ செய்த ஆபரேஷன், பாதியில் விட்ட மாத்திரை, எல்லாவற்றையும் பாரத்தில் எழுதச் சொல்வேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஆனால் எனக்கு அது உறைத்தது பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவரால். சர்க்கரையை மறைத்து என்னிடம் பாலிசி எடுத்தவர். காலில் புண் புரையோடி மதுரையில் படுத்திருந்தபோது கம்பெனிக்காரர்கள் பழைய மருந்துச் சீட்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, கிளெய்ம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நான் அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஒரு தையல்காரப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன்.

நான் அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறேன். மதுரையில் உள்ள ஒரு தரகு அலுவலகத்தின் வழியாக நான்கு கம்பெனிகளின் பாலிசிகளை விற்கிறேன். காரியாபட்டிப் பக்கம் ஒரு நாள், பந்தல்குடிப் பக்கம் ஒரு நாள், திருச்சுழிப் பக்கம் இரண்டு நாள் என்று பஸ்ஸில் போய் வருவேன். பதினொரு வருடமாகிறது. நாற்பத்தெட்டு வயதில் பஸ் படி ஏறும்போதே முழங்கால் என்னிடம் ஏதோ கேட்க ஆரம்பித்துவிட்டது. இறங்கி நடக்கிற இடங்களிலெல்லாம் நிழல் என்று இருப்பது சீமைக் கருவேலம்தான். அதன் அடியில் நின்றால் பாதி வெயில் மேலே விழும்.

தையல்காரப் பெண்ணின் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே, பஸ் போய் நின்று திரும்பும் ஊர். வீட்டின் முன்னறையிலேயே மெஷினைப் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபார்மும் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கணவர் மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் மாமியார் உண்டு. மானாவாரி நிலத்தில் மிளகாயும் மல்லியும் போட்டு, தானே இறங்கி வேலை பார்க்கிற மனுஷி. நான் பாரம் நிரப்பப் போன அன்று அவர் காட்டுக்குப் போயிருந்தார்.

"அக்கா, சின்னப் பிள்ளையில வந்ததையும் எழுதணுமா?" என்று கேட்டாள்.

"இப்பவும் மாத்திரை சாப்பிடுறியா?"

அவள் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு மெஷின் டிராயரைத் திறந்தாள். பாபின்களுக்கும் ஊசிகளுக்கும் கீழே, துணி மடிப்பில் சுற்றி ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்திருக்கிறது. அன்று முதல் மாத்திரை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. கணவருக்குத் தெரியும், நிச்சயத்துக்கு முன்பே அவளே போனில் சொல்லியிருந்தாள். மாமியாருக்குச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

"எழுதுனா யாருக்காச்சும் தெரியுமாக்கா?"

"கம்பெனிக்கு மட்டும்தாம்மா. அவுக யார்ட்டயும் சொல்ல மாட்டாக. எழுதலன்னா நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா ஒத்தப் பைசா வராது."

எழுதினாள். டாக்டர் சீட்டைக் கொடுத்தாள். பாரத்தில் இரண்டாவதாக ஒரு தொலைபேசி எண் கேட்டிருந்தது. அவளுடைய போன் குழந்தை கையிலேயே கிடப்பதால் பாதி நேரம் சார்ஜ் இருக்காது என்று சொல்லி மாமியாரின் எண்ணைக் கொடுத்தாள். நான் எழுதிக்கொண்டேன். பாரத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒரு வருடத்துக்குமேல் ஓடியது. பாலிசியை ஒரு முறை புதுப்பித்தோம். அதற்கப்புறம் ஒரு நாள் மதியம், அவள் மாமியார் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. ஒரு பெண் குரல். ஏதோ சிகிச்சை மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் வீட்டில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேரோடு குணமாக்கும் மருந்து எங்களிடம் இருக்கிறது என்றிருக்கிறாள். மாமியார், எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, நம்பர் தப்பு என்று சொல்லியிருக்கிறார். உடனே அந்தக் குரல் மருமகளின் பெயரையும், வயதையும், மாத்திரையின் பெயரையும், எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறாள் என்பதையும் வரிசையாக வாசித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் தையல்காரப் பெண் என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அக்கா, நீங்க யார்ட்டயாச்சும் சொன்னீகளா?"

"இல்லம்மா. நான் ஏன் சொல்லப் போறேன்?"

யோசிக்காமல்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அது எனக்கு உண்மையாகவே இருந்தது.

மறுநாள் போனேன். மாமியார் முற்றத்தில் சாக்கை விரித்து மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. குழந்தையைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். அது அம்மாவிடம் போக எழுந்தபோது கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

"நீதான் எழுதச் சொன்னியாக்கும்" என்றார்.

"ஆமாம்மா. நான்தான்."

"போன்ல பேசுன எவளோ ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு. மஸ்கட்ல இருக்கவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரே பானையில சோறு திங்கிற எனக்குத் தெரியல."

நோய் ஒன்றும் பயப்படும்படி இல்லை, மாத்திரையில் அடங்கிவிட்டது என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நோயைப் பற்றி அவர் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முன்னறையில் மருமகள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் நிறுத்தினாள். ஊரில் இரண்டு வீட்டுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது என்றாள். காலையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், டேப்பை நீட்டியதும் அரை அடி தள்ளி நின்றாளாம்.

"ஒங்ககிட்ட நாலு கம்பெனி இருக்குல்லக்கா. அதுல எந்தக் கம்பெனி வாயத் தொறக்காது? அதப் பாத்துச் சொல்லுங்க. நான் அங்க மாறிக்கிறேன்."

பதினொரு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பிரீமியம் எது குறைவு, எந்த ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வார்கள், கிளெய்ம் எத்தனை நாளில் வரும், இவற்றுக்கெல்லாம் என் வாயில் பதில் தயாராக இருக்கும். இதற்கு இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் அவளுடைய கம்பெனிக்கே புகார் சொல்லலாம் என்று வாடிக்கையாளர் எண்ணுக்குப் போட்டேன். இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று போய்க் கடைசியில் ஒரு பையன் வந்தான். பண இழப்பு ஏற்பட்டதா என்று கேட்டான். இல்லை என்றேன். ஓடிபி யாருக்காவது சொன்னீர்களா என்றான். இல்லை. அப்படியானால் என்ன பாதிப்பு என்று எழுதிக்கொள்வது என்று கேட்டான். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டச்சு சத்தம் கேட்டது. "விளம்பர அழைப்பு என்று பதிவு செய்திருக்கிறேன் மேடம்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் முன்னால் இருந்த பட்டியலில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்காது.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. என்ன வேலை என்று ஒரு வருடமாக நான் கேட்டதில்லை, கம்ப்யூட்டர் வேலை என்பதோடு விட்டுவிட்டேன். அந்த வாரம் தண்ணீர் மோட்டார் போடச் சொல்லக் கீழே வந்தவளிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு வேலையே அதான். கம்பெனிகளோட கம்ப்யூட்டரு எவ்வளவு பத்திரமா இருக்குன்னு பாத்து மார்க்கு போடுறது."

"அவுக ஆபீசுக்குள்ள போய்ப் பாப்பியா?"

"உள்ள போக முடியாதுக்கா. ஒரு தெருவுல நடந்து போறோம்னு வச்சுக்கங்க. எந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கு, எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்ல, எந்தப் பூட்டு துருப்பிடிச்சிருக்குன்னு ரோட்டுல நின்னே பாக்கலாம்ல. அந்த மாதிரி. நீங்க சொன்ன கம்பெனி எதுக்கும் நான் வேலை பாக்கல. வெளிய தெரியறத மட்டும் பாத்துச் சொல்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மின்விசிறி சுடுகாற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. நான்கு கம்பெனிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஏதேதோ வந்தது. கடைசியில் என் டைரியில் நான்கு எழுத்துகளை எழுதிக் கொடுத்தாள். ஒன்றுக்கு ஏ. இரண்டுக்கு பி. ஒன்றுக்கு சி. ஏ வாங்கியது எது தெரியுமா? தையல்காரப் பெண்ணின் கம்பெனிதான்.

டைரியை அவள் பக்கம் திருப்பி, இதுவா என்று கேட்டேன்.

"இதுக்குத்தான்க்கா மார்க்க நம்பி முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றது" என்றாள். "வாசக் கதவு நல்லா இருக்கும். பின்னாடி வழியா வேலையாளு ஒருத்தரு எடுத்துட்டுப் போனா எங்களுக்குத் தெரியாது. கம்பெனில இருந்து தரகு ஆபீஸு, கிளெய்ம் பாக்கற ஏஜென்ஸி, ஆஸ்பத்திரில இன்சூரன்ஸ் மேஜைல இருக்கவங்க, கால் சென்டரு, எத்தனை கை மாறுது. எந்தக் கைல நழுவுச்சுன்னு யாரு கண்டா?"

அவளே யோசித்துச் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தாள். எங்கள் விவரம் யார் யார் கைக்குப் போகிறது? போனில் பேசுகிற ஆளுக்கு நோயின் பெயர் தெரியுமா? விவரம் வெளியே போய்விட்டால் எங்களுக்குச் சொல்வீர்களா? நாங்கள் விலகினால் அழித்துவிடுவீர்களா? இதுவரை ஒரு முறையாவது போயிருக்கிறதா? இதை நான்கு இடத்திலும் ஒரே மாதிரி கேளுங்கள், பதிலைப் பாருங்கள் என்றாள்.

கேட்டேன். ஐந்து வாரமாகக் கேட்டேன். ஒரு கம்பெனியில் எங்களிடம் உலகத் தரச் சான்றிதழ் இருக்கிறது என்று அதன் படத்தை அனுப்பினார்கள். கேள்விக்குப் பதில் இல்லை. இன்னொன்றில் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினேன். உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று பதில் வந்தது, அதே வாசகம் நான்கு நாள் கழித்து மறுபடி வந்தது. தையல்காரப் பெண்ணின் கம்பெனியில், எங்களிடமிருந்து ஒருபோதும் போகாது, வாடிக்கையாளர்தான் எங்காவது சொல்லியிருப்பார் என்றார்கள். தரகு அலுவலக மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இந்த வேலையெல்லாம் எதற்கு, மாதக் கடைசி வருகிறது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் நான் புதிதாக ஒரு பாலிசிகூடப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தது. விலகிப் போனாலும் பழைய விவரத்தை அழிக்க மாட்டார்கள். சட்டப்படி பல வருடம் வைத்திருக்க வேண்டுமாம்.

நான்காவது, சி வாங்கிய கம்பெனி. அதன் கிளை விருதுநகரில் இருந்தது. நேரில் போனேன். ஓய்வு பெறுகிற வயதில் ஒரு அதிகாரி இருந்தார். மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. என் டைரியை வாங்கிக் கேள்விகளைத் தானே படித்தார். கடைசிக் கேள்வியில் விரலை வைத்தார்.

"போயிருக்கும்மா" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"எங்களுக்கு வேலை பாத்த ஒரு ஏஜென்ஸில இருந்து போச்சு. யாரு யாரு பேரு போச்சோ அவுகளுக்கெல்லாம் நாங்களே கடுதாசி போட்டோம். இந்த மேஜையில ஒக்காந்துதான் திட்டு வாங்குனேன். ஒரு பெரியவரு செருப்பக் கழட்டிட்டாரு. அதுக்கப்புறம் நோய் வெவரத்த ரெண்டு ஆளுக்கு மேல பாக்க விடுறதில்ல. கம்ப்யூட்டரு எல்லாம் இன்னமும் பழசுதான், மார்க்கு கம்மியாத்தான் இருக்கும்."

அந்த ஐந்து வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். டைரியில் அவர் கம்பெனிக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். இதைத்தான் தையல்காரப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து எழுந்தேன். அப்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க பேப்பரெல்லாம் எப்படிம்மா அனுப்புறீங்க?"

"போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிருவேன் சார்."

"யாருக்கு?"

"ஆபீசுக்கு" என்றேன். சொல்லும்போதே, ஆபீசுக்கு மட்டும்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். தரகு அலுவலகத்தின் முகவர்களுக்கென்று ஒரு குரூப் உண்டு. ஏதாவது சந்தேகம் என்றால் அதில் போட்டால் யாராவது பதில் சொல்வார்கள். பின்னால் தள்ளித் தள்ளிப் போனேன். பஸ் பாலவநத்தம் தாண்டியபோது அது கிடைத்தது. தையல்காரப் பெண்ணின் பாரமும் டாக்டர் சீட்டும் சேர்ந்த அதே படம். கீழே என் கேள்வி: "வலிப்பு உள்ளவர்களை எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்?" இரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தேன்.

அந்தக் குரூப்பில் நூற்று நாற்பது பேர். எத்தனையோ பேர் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டவர்கள். பாதி எண்களுக்குப் பெயரே இல்லை. பாரத்தில் மாமியாரின் எண் என் கையெழுத்தில் தெளிவாகத் தெரிந்தது.

மாடிப் பெண்ணிடம் காட்டினேன். "இதுல இருந்துதான் போச்சுன்னு சொல்ல முடியாதுக்கா" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "போகலன்னும் சொல்ல முடியாது" என்றாள்.

என் போனில் அந்த மாதிரி எத்தனை படங்கள் இருக்கின்றன என்று அன்று பார்த்தேன். ஆதார் அட்டைகள், ரத்தப் பரிசோதனைகள், கர்ப்பப்பை எடுத்த அறிக்கைகள், ஒருவரின் மனநல மருத்துவர் சீட்டு. கல்யாண வீட்டில் எடுத்த படங்களுக்கும் கோயில் படங்களுக்கும் நடுவே பதினொரு வருட ஊர் வியாதி முழுவதும் கிடந்தது. போனுக்குப் பூட்டுகூடக் கிடையாது. என் அக்கா பேரப்பிள்ளை விளையாட எடுத்துக்கொள்ளும் போன் அது.

படங்களை அழித்தேன். மூன்று நாள் ஆயிற்று. அழிப்பது சுலபம். அவளிடம் போய்ச் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டேன். திருச்சுழி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு நாள் போய்விட்டு, தலைவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். கம்பெனி மாற வேண்டுமென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கியதால்தான் போனேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கெடு இல்லாவிட்டால் இன்னும் தள்ளியிருப்பேன்.

அவள் பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டையில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு புதிதாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "அத்தை கோயில்ல கட்டிக் கூட்டிட்டு வந்தாக. அதையும் கட்டிருக்கேன், மாத்திரையும் போடுறேன்" என்றாள். மாத்திரை அட்டை இப்போது சுவரில் மாட்டிய பையில் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது.

நான் டைரியைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். மார்க், சான்றிதழ், ஒரே வாசகத்தை இரண்டு முறை அனுப்பியவர்கள், செருப்படி வாங்கப் பார்த்த அதிகாரி. பிறகு குரூப்பைச் சொன்னேன். படம் போட்டதைச் சொன்னேன். அன்று போனில் "இல்லை" என்றது, பொய்யென்று எனக்கே தெரியாமல் சொன்ன பொய் என்றும் சொன்னேன்.

அவள் ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்தாள்.

"அப்ப அந்த லிஸ்ட்ல ஒங்களையும் சேத்துக்கங்கக்கா" என்றாள்.

"சேத்துக்கிறேன்."

"ஒங்களுக்கு என்ன மார்க்கு?"

அவள் குரலில் சூடு இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அது இல்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள். இரண்டு வீட்டுக்காரர்கள் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூட ஆர்டர் இருப்பதால் ஓடுகிறது என்று பிறகு சொன்னாள்.

"அந்த விருதுநகர் கம்பெனிக்கு மாறிருவோம். நாளைக்கே எழுதிரலாம்" என்றேன்.

"அங்கயும் இதெல்லாம் முதல்ல இருந்து எழுதணுமா?"

"எழுதணும்."

"பழைய கம்பெனில எழுதுனது?"

"அது அங்கயேதான் இருக்கும். அழிக்க மாட்டாக."

மறுபடி ஊசியை எடுத்தாள்.

"அப்ப வேண்டாங்கா. இங்க ஏற்கனவே தெரிஞ்சுபோச்சு. அங்க மாறுனா இன்னொருத்தருக்குப் புதுசாச் சொல்லணும். இதுலயே கெடக்கட்டும்."

ஐந்து வாரமாக நான் அலைந்து சேர்த்த பட்டியலுக்கு அவ்வளவுதான் முடிவு. அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. டைரியை மூடிப் பைக்குள் வைத்தேன். பழைய கம்பெனிக்கே புதுப்பிக்கும் பாரத்தை நிரப்பினோம். இந்த முறை படம் எடுக்கவில்லை. தாளாகவே மதுரைக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். மேலாளர் முகத்தைச் சுளித்தார். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். வேலை இரண்டு மடங்கு, பஸ் இரண்டு மடங்கு.

கிளம்பும்போது மாமியார் காட்டிலிருந்து வந்துவிட்டார். தலைச்சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டே மருமகளிடம், "பிள்ளைக்குப் பாலு காய்ச்சிக் குடு" என்றார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கும் வரை கண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கவும் இல்லை. பிறகு என் எதிரே கால் நீட்டி உட்கார்ந்தார்.

"என் வயசுக்குப் பாலிசி குடுப்பாகளா?"

"அறுபத்தஞ்சு வரைக்கும் சுலபமா குடுப்பாகம்மா. அதுக்கு மேலயும் இருக்கு."

"நானும் எல்லாத்தையும் சொல்லணுமா?"

"சொல்லணும்மா. ஆனா யாருக்கும் தெரியாதுன்னு இனிமே நான் யார்ட்டயும் வாக்கு குடுக்க மாட்டேன்."

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் உடம்பைப் பற்றி ஒன்று சொன்னார். மகனுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது, இரண்டு வருடமாகத் தனியாக பஸ் ஏறி மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். சொல்லும்போது காலில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தார். என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

நான் பேனாவை எடுக்கவில்லை. அவரும் பாரம் எங்கே என்று கேட்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போய்த் தொட்டியில் கை கழுவினார்.

பஸ் திரும்புகிற இடத்தில் ஹாரன் அடித்தது. நான் வாரேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அதற்கப்புறம் அந்த ஊருக்கு மூன்று முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் எனக்கு ஒரு செம்பு மோர் கொடுக்கிறார். பாலிசியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.